கோடு வரைக்கும் டீசல்

ஊரில் அவருக்குச் சொட்டு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது. டீசல் பங்கில் குழாயின் மூக்கை டேங்க் வாயில் தட்டித் தட்டி, கடைசிச் சொட்டு விழும்வரை நகர மாட்டார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள், சிலர் இறங்கி வந்தே திட்டுவார்கள். அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பார். மருந்து ஊட்டுகிற தாய்கூட ஸ்பூனை அவ்வளவு கவனமாக வழித்துக் கொடுக்க மாட்டாள்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, கடைக்காரர்களின் மூட்டை முடிச்சு, எது கிடைத்தாலும் ஏற்றுவார். வாடகையில் கறாராக இருக்க மாட்டார். "பார்த்துக் குடுங்க" என்பார், கொடுத்ததை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவரைக் கஞ்சன் என்று சொல்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது, அவ்வளவுதான். டீசல் என்று வந்தால் மட்டும் அவர் வேறு ஆள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்கு ஒரு நாள் காலையில் வயிற்று வலி வந்தது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சுருண்டு படுத்திருந்தவள், மத்தியானம் ஆனதும் எழுந்திருக்கவே முடியாமல் போனாள். வண்டியின் முன் சீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. தொட்டியில் மெத்தையைப் போட்டுப் படுக்கவைத்தார். பக்கத்தில் மகள் உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஆஸ்பத்திரி அடுத்த ஊரில், ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மனைவி படுத்த வாக்கிலேயே அந்தக் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள். டக், டக், டக். இன்னும் எவ்வளவு தூரம் என்று அர்த்தம். "இதோ வந்துட்டோம்!" என்று அவர் திரும்பாமலே கத்தினார். பாதி வழியில், யாருமில்லாத இடத்தில், ஒரு சின்னப் பாலத்தின் மேல் வண்டி விக்கிவிக்கி நின்றது.

டீசல் முள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. பாதி டேங்க் இருக்கிறது என்று அது சொன்னதை அவர் நம்பினார். பானெட்டைத் திறந்து எதை எதையோ கழற்றிப் பார்த்தார். முள் பழுதாகி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது என்பது அவர் புத்திக்கு எட்டவே நேரம் பிடித்தது. அவர் தலை பானெட்டுக்குள் இருந்தபோது கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் சொல்வதுதான், வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் அந்தக் 'கொஞ்சம்' அவர் காதுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் வண்டியை விற்றிருப்பார்கள். குடித்திருப்பார்கள், அல்லது ஊரை விட்டுப் போயிருப்பார்கள். சொட்டு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வாங்கினார்.

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டுக் கேனில் கொஞ்சம் அளந்து டேங்கில் ஊற்றிக் கிளம்புவார். அதே மத்தியான நேரம், அதே மெத்தை, இரண்டு பேர் எடைக்குத் தொட்டியில் மணல் மூட்டை. வண்டி நிற்கும் இடம் பாலத்துக்கு முன்னால் இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டி ஊற்றுவார், தாண்டிப் போனால் குறைப்பார். திரும்பி வருவதற்கென்று டீசலோடு மறு கேன் ஒன்றும் கூட இருக்கும், நின்ற இடத்திலேயே அதை ஊற்றி, டீசல் குழாயில் நுழைந்த காற்றைக் கைப்பம்பால் அமுக்கி அமுக்கி வெளியேற்றிவிட்டுத் திரும்புவார். டீசல் வண்டியை வற்ற விட்டால் அந்த வேலையும் சேர்ந்தே வரும். கடைசியில் ஒரு நாள் வண்டி சரியாகப் பாலத்தின் மேல், அதே இடத்தில் நின்றது. அன்றைக்குக் கிளம்பும்போது கேனில் இருந்த மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்தார்.

கோட்டைக் கிழித்துவிட்டு நிமிர்கிறார், பின்னால் கண்ணாடியில் டக், டக், டக்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாலத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. கயிற்றுக் கொக்கி காற்றில் ஆடி இடிக்கிறது என்று நினைத்தார், ஆனால் காற்று இல்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். மெத்தையும் மூட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன. திரும்பி வந்து கைப்பம்பில் கையை வைத்ததும் மறுபடி டக், டக், டக். பொறுமையாக, வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி. ஓடிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் வாய் தன்பாட்டுக்கு, "இதோ வந்துட்டோம்" என்றது. எஞ்சின் கிளம்பியதும் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கைக்கு ஒரே வேலைதான். அந்தக் கோட்டளவு டீசலில் வண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டும். கூட ஒரு சொட்டு ஊற்றினால் அது கள்ள ஆட்டம். அன்றைக்கு இருந்தது அவ்வளவுதானே?

இந்த வேலைக்கு அவருக்குத் துணையாக வாய்த்தவர் பல்லுக்காரர். கியர் பெட்டியும் பின் அச்சும் பழுது பார்க்கிறவர். பட்டறை வாசலில் ஒரு பெரிய பல்சக்கரத்தைத் தொங்கவிட்டிருப்பார், பெயர் அப்படித்தான் வந்தது. ஒருமுறை கன்னம் வீங்கின ஆள் ஒருவர் பெயரை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். பல்லுக்காரர் அவரை உட்காரவைத்துப் பெரிய குறடை எடுத்துத் துடைத்திருக்கிறார். வந்தவர் போன வேகத்தை ஊரே கொஞ்ச நாள் பேசிச் சிரித்தது.

சொட்டு விஷயத்தைச் சொன்னபோது பல்லுக்காரர் சிரிக்கவில்லை.

"எஞ்சின்ல கை வைக்காதீங்கண்ணே. எஞ்சின் சம்பாதிக்குது, வழியில இருக்கறவன் எல்லாம் தின்னுடறான். கியர் பெட்டி கொஞ்சம், நீளத் தண்டு கொஞ்சம், பின் அச்சு கொஞ்சம், சக்கரம் கொஞ்சம். தின்றவன் கையப் பிடிச்சாப் போதும்."

"எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"கடைசியில தின்றவன்கிட்டேருந்து."

சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பிரேக் கட்டைகள் டிரம்மில் உரசாதபடி தளர்த்தினார்கள். பேரிங்குகளை மாற்றினார்கள். பின் அச்சில் இருந்த தார் மாதிரி எண்ணெயை வடித்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஊற்றினார்கள். உருளத் தடையில்லாத டயர் போட்டார்கள். ஜாக்கியில் தூக்கிவைத்து ஒற்றை விரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் சொட்டுவின் கணக்கு. மகள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்றப் பிள்ளைகள் கோலிக்குண்டு உருட்டிப் பார்த்த வயதில் அவள் வண்டிச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாள்.

அந்த முறை வண்டி பாலத்தைத் தாண்டியது. செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேயும் தட்டியது. பாலத்தில்தான் பேய் இருக்கிறது என்று சொட்டு அதுவரை நினைத்திருந்தார். பாலத்தில் ஒன்றுமில்லை, அவள் வண்டியில்தான் இருக்கிறாள் என்பது சூளைப் பக்கத்தில்தான் அவருக்குப் புரிந்தது. பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் நகர்கிறாள், செத்த இடத்திலேயே கிடக்கவில்லை.

பிறகு எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டை இறக்கி, அதன் தேய்ந்த மூட்டுகளை மாற்றி, அதிராமல் சுழலும்படி சமன் பார்த்துப் போட்டார்கள். வண்டி மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி வரைக்கும் போனது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இங்கே கல்லுக்குப் பதில் தூரம் தேய்ந்தது. வருஷங்களும்தான். மகள் படித்து முடித்து, ஊருக்கு வெளியே உள்ள எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லாரிகள் மேடையில் ஏறி நிற்கும், அவள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பாள். அப்பா எதற்காக வண்டியை நோண்டுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். தட்டுகிற சத்தத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பேரும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

ஐஸ் கம்பெனிக்கு அப்புறம் பல்லுக்காரர் பெரிய வேலைக்கு இறங்கினார். பின் அச்சுக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரமும் ஜோடியாக இருக்கும். அந்த ஜோடியை மாற்றினால் எஞ்சின் கொஞ்சமாகச் சுற்றினாலே சக்கரம் நிறைய ஓடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற எடையை வைத்து எந்த ஜோடி தாங்கும் என்று பார்த்துப் பொருத்தினார். "இதோட மேடு ஏறிடும் பாருங்க" என்று சொட்டுவின் தோளில் தட்டினார்.

மேடு ஏறவில்லை. பாலத்துக்கே போகவில்லை. எஞ்சினுக்கு இழுக்கத் திராணி இல்லாமல் போக, சொட்டு வழியெல்லாம் கியரைக் குறைத்துக்கொண்டே வந்தார். மிதி மிதி என்று மிதித்ததில் டீசல் மடமடவென்று தீர்ந்தது. வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கமே, அவள் உயிரோடு கடந்த இடத்தில், நின்றுபோனது.

தட்டுகிற சத்தம் வந்தது. இந்த முறை டக் டக் டக் என்று நிறுத்தவில்லை. விடாமல், உள்ளங்கையால் அறைகிற மாதிரி, கண்ணாடியே அதிர அதிரத் தட்டியது. சொட்டு காதைப் பொத்திக்கொண்டார். பொத்தினாலும் சீட்டின் முதுகு வழியாக அது உடம்புக்குள் ஏறியது. "தப்பாப் போச்சு, தப்பாப் போச்சு, மன்னிச்சுக்க" என்று அந்தப் பெரிய மனுஷர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். மறு கேனை ஊற்றக் கீழே இறங்கவே அவருக்கு வெகுநேரம் தைரியம் வரவில்லை.

பல்லுக்காரருக்கு இது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "என் கணக்கு தப்பாதுண்ணே. எடைதான் இடிக்குது. வண்டிய ஏத்துங்க மேடையில."

மகளுடைய எடைமேடைக்கே போனார்கள். காலியான வண்டி. மகள் எண்ணைப் பார்த்தாள், வண்டிப் புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, பின்னால என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"கூடக் காட்டுது."

டூல் பெட்டியை இறக்கினார்கள். ஸ்டெப்னியை, ஜாக்கியை, மெத்தையை, கயிற்றை இறக்கினார்கள். டேங்கை வடித்தார்கள். மேடையில்தான் கோளாறு என்று அடுத்து வந்த லாரியை ஏற்றிப் பார்த்தாள், அது சரியாகக் காட்டியது. மாற்றிப் போட்ட சாமான்களின் எடையைப் பல்லுக்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்தார், அதற்கும் மிஞ்சியே நின்றது. அப்படி ஒன்றும் பெரிய எடை இல்லை. ஒல்லியான ஒரு பொம்பளையின் எடை.

மகள் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். தகரத்தில் துரு, ஒரு மூலையில் காய்ந்த வைக்கோல். தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளாப்பா?"

"நின்ன இடத்துல எல்லாம் தட்டறாம்மா" என்றார் சொட்டு.

அவள் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. "வலிக்குதாமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

வந்த லாரிக்காரர் சீட்டுக் கேட்டு ஹாரன் அடித்தார். பல்லுக்காரர்தான் முதலில் தெளிந்தார். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும். சரிண்ணே, புத்தகத்துல இருக்கற எடைக்குப் பல்லு போட்டது என் தப்பு. இந்த எடைக்குப் போடறேன்."

அவர் நடுத்தரமான வேறொரு ஜோடியைப் பின் அச்சில் போட்டார். கூடவே, நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். சமதரையில் ஐந்தாவதில் போட்டால் எஞ்சின் ஓடுகிற சத்தமே கேட்காது. மேட்டில் கீழ் கியருக்கு வந்தால் முனகாமல் ஏறும். கியர் பெட்டியை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"அண்ணே, இந்தத் தடவ போயிடும். சந்தேகமே வேணாம். போய்ச் சேர்ந்துட்டா அவங்க இறங்கிடுவாங்களே. அப்புறம்?"

சொட்டு சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்புறம் அவர் கேனைத் தொடவில்லை. இன்றைக்குச் சாமான் இருக்கிறது என்றார், நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்றார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் போகமாட்டார். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து, கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடிப்பார். அந்த மேடு, அந்த ஆஸ்பத்திரி வாசல், எல்லாம் இத்தனை வருஷம் எட்டாத தூரத்தில் இருந்ததால்தான் அவள் கூடவே இருந்தாள். இது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தான் தோற்றுக்கொண்டே இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்தார். நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மகள் கொஞ்ச நாள் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேனைக் கழுவிக் கோடு வரைக்கும் டீசல் ஊற்றி வாசலில் வைத்தாள். டேங்கை வடித்தாள். கிளம்புவதற்கு முன்னால், சின்ன வயதில் டார்ச் பிடித்த பழக்கத்தில், பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி விரலால் தட்டிவிட்டாள்.

சக்கரம் பாதி சுற்றில் நின்றது.

அடுத்த சக்கரத்தையும் தட்டினாள். அதுவும் நின்றது. பிரேக் கட்டைகளை யாரோ இறுக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"அப்பா."

சொட்டு திண்டாடிப்போய் நின்றார். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொஞ்ச நாள்தாம்மா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு..."

"உங்களுக்குக் கொஞ்ச நாள். அவங்களுக்கு அந்த ஒரே மத்தியானம்தாம்ப்பா. இத்தனை வருஷமா அதே வயித்து வலியோட அதே மெத்தையில கிடக்கறாங்க. நான் அன்னிக்குப் பக்கத்துல இருந்தேன். நீங்க முன்னால இருந்தீங்க. அந்த முகத்தை நீங்க பார்க்கல."

அவர் ஸ்பேனரை எடுத்து மண்டி போட்டார். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசிச் சக்கரத்தை அவரே விரலால் தட்டிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மகள் முன் சீட்டில் ஏறவில்லை. தொட்டியில் ஏறி, மெத்தையின் ஓரத்தில், அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே காலை மடித்து உட்கார்ந்தாள். மணல் மூட்டையை வேண்டாம் என்று கீழே தள்ளிவிட்டாள்.

பாலம் வந்தது, போனது. சூளை போனது. ஐஸ் கம்பெனியின் உடைந்த சுவர் போனது. சொட்டு ஐந்தாவதில் வண்டியை விட்டு, முட்டையை மிதிக்கிற பதத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். இதற்கு மேல் அவர் கேனோடு வராத சாலை. எஞ்சின் ஓடும்போது ஒருநாளும் வராத சத்தம் அங்கேதான் வந்தது. டக், டக், டக்.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் மடியில், எதையோ தாங்கிப் பிடித்த மாதிரி குழிந்திருந்தன. உதடு மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டவில்லை.

"இதோ வந்துட்டோம்" என்றார் சொட்டு. பின்னால் கேட்கும்படி மறுபடியும் உரக்கச் சொன்னார்.

மேடு வந்தது. கியரைக் குறைத்தார். வண்டி முனகாமல் ஏறியது. உச்சியில் ஒரு விக்கல் விக்கியது. பிறகு சரிவு, சரிவுக்குக் கீழே ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர். அவர் வண்டியை உருளவிட்டார். தட்டுகிற சத்தம் மெதுவாகியது, ஆனால் நிற்கவில்லை. வாசல் போர்டிகோவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கிப் பின் கதவைக் கீழே சாய்த்தார். என்ன சொல்வது என்று அத்தனை வருஷமும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வந்துட்டோம்" என்றார். "லேட் ஆயிடுச்சு."

மகள் மடியிலிருந்த கைகளை மெதுவாக விலக்கினாள். வண்டியின் பின்பக்கம் கிரீச்சென்றது. சுமை இறக்கினால் வில்பட்டைகள் நிமிருமே, அந்தச் சத்தம். தொட்டி ஒரு விரற்கடை மேலே எழும்பியது. மகள் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குள் போகிற கண்ணாடிக் கதவு தானாக ஆடித் திறந்து, தானாக மூடியது. வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு தான் ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் நாற்காலியைப் பார்த்தார். சொட்டுவைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேஷண்ட் இல்லாம எதுக்குய்யா இங்க நிறுத்தற? வண்டிய எடு!"

"எடுத்துடறேங்க" என்றார் சொட்டு.

திரும்பும்போது மகள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மறு கேன் காலடியில் இருந்தது. எந்த நிமிஷமும் வண்டி நிற்கும், காற்றை எடுக்கவேண்டும் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். டேங்கில் மிஞ்சியிருப்பது நாக்கை நனைக்கக் காணாது. ஆனால் வண்டி மேட்டை ஏறியது, இறங்கியது. அவர் காலை எடுத்த பிறகும் ஓடியது. எந்தப் பல்சக்கரத்தாலும் எந்த எண்ணெயாலும் கொடுக்க முடியாத ஓட்டம். கொஞ்சம் காற்று இருந்தால் பறந்துவிடும்போல அத்தனை லேசாக இருந்தது. அவர் ஒருமுறை கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். காத்திருந்தார். மறுபடி தட்டினார்.

பாலம் வந்தது. அங்கேயாவது நிற்கும் என்று நினைத்தார். அதற்காக மனசுக்குள் வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தார். கொஞ்ச நேரம், ஒரு தடவை. பாலம் பின்னால் போனது.

"நிக்க மாட்டேங்குதும்மா" என்றார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலிலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷத்தில், கேனோடு போன ஒவ்வொரு முறையும் அது தானாகவே அடங்கிப்போயிருக்கிறது. இந்த முறை அவர்தான் அணைக்கவேண்டும். சாவியில் கையை வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது, திருப்ப முடியவில்லை. கண்ணீர் தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக அந்தக் கையின் மேல் விழுந்தது. மகள் அவர் கையின் மேல் தன் கையை வைத்து, அழுத்தி, சாவியைத் திருப்பினாள்.